வாசகர் கேள்வி: எங்கள் வீட்டு டாக்வுட் மரத்தை வெட்டிவிடலாமா?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ராலி நகருக்கு வெளியே வசிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதமும் ஒன்பது புகைப்படங்களும் அனுப்பியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர்கள் வாங்கிய வீட்டின் பின்புறம், சிறு ஓடை ஒன்றிலிருந்து சுமார் 12 அடி தள்ளி, ஓக் மரங்களும் பைன் மரங்களும் தொடங்கும் விளிம்பில், முதிர்ந்த டாக்வுட் மரம் ஒன்று நிற்கிறது. குடிவந்த பிறகு வந்த முதல் ஏப்ரலில் அது மரம் முழுக்க வெள்ளையாகப் பூத்ததைப் பார்த்துத்தான் இந்த வீடு தங்களுடையது என்ற உணர்வே வந்ததாக எழுதியிருக்கிறார். சென்ற அக்டோபரில் கொங்கு நாட்டிலிருந்து வந்து ஆறு மாதம் தங்கியிருந்த அவருடைய மாமனார் வாழ்நாள் முழுவதும் விவசாயம் பார்த்தவர். நவம்பரில் பின்புறம் கல்தளம் அமைத்தபோது தோண்டிய செம்மண்ணை வீணாக்க மனமில்லாமல், அந்த மரத்தின் அடியில் கொட்டி அணைத்துவிட்டார். இந்தக் கோடையில் இலைகள் வெள்ளைப் பொடி தூவியதுபோல் மாறிச் சுருண்டன; கீழ்க்கிளைகள் மூன்று காய்ந்துவிட்டன. பார்க்க வந்த தோட்ட ஒப்பந்தக்காரர், உள்ளூர் டாக்வுட் அனைத்துக்கும் கொல்லும் நோய் பரவியிருப்பதாகவும், ஒரு வாரத்துக்குள் வெட்டாவிட்டால் மற்ற மரங்களுக்கும் தொற்றும் என்றும் சொல்லி, அந்த இடத்தில் கூசா என்ற ஜப்பானிய டாக்வுட் வகையை நட்டுத்தர விலை சொல்லியிருக்கிறார். கணவர் சம்மதித்துவிட்டார். ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்மணி, அது மாநில மலர் என்பதால் வெட்டினால் அபராதம் விழும் என்கிறார்.

இன்னொரு மரமும் இருக்கிறது. முன்புறப் புல்வெளியின் நடுவே இரண்டு ஆண்டுகளுக்கு முன் நட்ட இளஞ்சிவப்பு டாக்வுட் கன்று ஒவ்வொரு ஆகஸ்டிலும் இலை ஓரம் கருகுகிறது, ஒருமுறைகூடப் பூக்கவில்லை. ஜனவரியில் மாமனார் அதைக் கவாத்து செய்தார். புல்லுக்குப் போடும் உரம் அதற்கும் தாராளமாகக் கிடைக்கிறது. ‘நாங்கள் என்ன தவறு செய்தோம், வெட்டுவதா வைப்பதா, மாமனாரிடம் எப்படிச் சொல்வது?’ என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

மரத்தை இப்போது வெட்ட வேண்டாம். குறைந்தது அடுத்த மே மாதம் வரையாவது காத்திருங்கள். உங்கள் படங்களில் நான் காண்பது வேறு ஒரு நோய். ஒரு வாரத்துக்குள் முடிவெடுத்தாக வேண்டிய நெருக்கடி எதுவும் அவற்றில் தெரியவில்லை. ஏறத்தாழ 25 அடி உயரமுள்ள ஒரு மரம், வீட்டிலிருந்து இருபது தப்படி தள்ளி நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நாளையே அது பட்டுப்போனாலும் உங்கள் கூரைமேல் விழப்போவதில்லை. ஆகவே நோயைச் சரியாக அறிந்துகொள்ள உங்களுக்கு நேரம் இருக்கிறது.

முதலில் இந்த மரம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் இரண்டு மரங்களின் துன்பமும் அதில்தான் தொடங்குகிறது. பூக்கும் டாக்வுட் வட அமெரிக்காவின் கிழக்குப் பாதிக்கு உரியது; வடக்கே ஒன்டாரியோவின் தென்பகுதி முதல் தெற்கே வட ஃபுளோரிடா வரையும், மேற்கே கிழக்கு டெக்சாஸ் வரையும் இயல்பாக வளர்கிறது. காட்டில் அது ஓக், ஹிக்கரி, பைன் போன்ற உயர்ந்த மரங்களின் கீழே, அவற்றின் இடைவெளியில் விழும் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு, 15 முதல் 30 அடி உயரத்துக்குள் அகலமாகக் கிளை பரப்பி நிற்கும். அதன் வேர்கள் ஆழம் போவதில்லை. உதிர்ந்த இலை மக்கிய மேல்மண்ணில்தான் படர்கின்றன. உங்கள் மாமனாருக்குச் சொல்வதென்றால் வெற்றிலைக் கொடிக்காலை நினைவூட்டுங்கள். அகத்தியின் நிழலும் ஈரப்பதமும் இல்லாமல் வெற்றிலையை வெட்டவெளியில் விட்டால் என்ன ஆகும் என்பது அவருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. டாக்வுட்டும் அப்படி மேலே ஒரு குடையும், வேருக்குக் குளிர்ச்சியும் கேட்கிற மரம்.

நாம் பூ என்று பார்த்து மயங்கும் நான்கு வெள்ளை இதழ்களும் உண்மையில் இதழ்கள் அல்ல. நம் ஊர்க் காகிதப்பூவில் நிறமாகத் தெரிவது எப்படிப் பூவைச் சூழ்ந்த இலைகளோ, அப்படித்தான் இங்கும். நடுவே பச்சையும் மஞ்சளுமாகக் கொத்தாக இருக்கும் சிறு மணிகள்தான் பூக்கள். செப்டம்பரில் சிவந்து பழுப்பவையும் அவையே. இன்னொன்றையும் செய்து பாருங்கள். உங்கள் பின்புற மரத்தில் ஒரு நல்ல இலையைப் பறித்து, குறுக்கே மெதுவாகக் கிழித்து இரண்டு துண்டுகளையும் சற்றே விலக்குங்கள். நரம்புகளுக்குள்ளிருந்து பட்டு நூல்போன்ற வெண்ணிழைகள் நீண்டு, கீழ்த்துண்டைத் தொங்கவிட்டபடி தாங்கும். டாக்வுட் இனத்தை அடையாளம் காண இதைவிட எளிய வழியில்லை. உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

வெள்ளைப் பொடியும் கொல்லும் நோயும் ஒன்றல்ல

ஒப்பந்தக்காரர் சொன்னது முழுப் பொய்யல்ல. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் வடகிழக்கிலும் பசிபிக் கரையிலும் டாக்வுட் ஆந்திராக்னோஸ் என்ற பூஞ்சை நோய் கண்டறியப்பட்டது. அப்பலாச்சிய மலைத்தொடர் வழியாகத் தெற்கே இறங்கி, காடுகளில் எண்ணற்ற டாக்வுட் மரங்களை அது அழித்தது. மேரிலாந்தின் கடோக்டின் மலைப் பூங்காவில் பெரும்பாலான டாக்வுட்கள் மடிந்த நிலையில், தப்பி நின்ற ஒரு மரத்திலிருந்துதான் டென்னசி பல்கலைக்கழகத்தார் ‘அப்பலாச்சியன் ஸ்பிரிங்’ என்ற எதிர்ப்புத்திறன் கொண்ட வகையை உருவாக்கினார்கள். இந்த வரலாறு தெரிந்தவர்களுக்கு டாக்வுட்டில் ஒரு காய்ந்த கிளையைக் கண்டாலே மனம் பதறும்.

ஆனால் அந்த நோய் குளிர்ந்த, ஈரமான, காற்றோட்டமற்ற நிழலில், குறிப்பாக உயர்ந்த மலைப்பகுதிகளில்தான் கொடியது. ராலியின் நீண்ட, வெப்பமான கோடை அதற்கு உகந்ததல்ல. அதன் அடையாளங்களும் வேறு. இலையில் ஊதா விளிம்புள்ள பழுப்புத் திட்டுகள் தோன்றும். காய்ந்த இலைகள் உதிராமல் குளிர்காலம் முழுவதும் கிளையிலேயே தொங்கும். அடிமரத்தின் நெடுகிலும் நீர்ப்போத்துகள் எனப்படும் மெலிந்த இளங்கிளைகள் கிளம்பும். நோய் அந்தப் போத்துகள் வழியாக அடிமரத்துக்குள் இறங்கிப் பட்டையில் புண்களை உண்டாக்கும். கீழ்க்கிளைகள் முதலில் காய்வது அதற்கும் பொதுவான அறிகுறிதான் என்பதால் உங்கள் ஒப்பந்தக்காரரின் சந்தேகத்தை நான் குறை சொல்லவில்லை; சந்தேகத்தைத் தீர்ப்பாக்கியதைத்தான் குறை சொல்கிறேன்.

உங்கள் படங்களில் இருப்பது சாம்பல் நோய். வெண்டையிலும் கொடிக்காய்களிலும் உங்கள் மாமனார் பார்த்திருக்கக்கூடிய அதே வகை. அதை உண்டாக்கும் பூஞ்சை இனம் மட்டும் வேறு. டாக்வுட்டில் இது 1990களின் நடுப்பகுதியிலிருந்து பெரிதாகப் பரவியது. இளங்கன்றின் வளர்ச்சியை முடக்கும், பூ மொட்டுகளைக் குறைக்கும். வளர்ந்த மரத்தைப் பெரும்பாலும் கொல்லாது. உங்கள் பின்புற மரத்துக்கு இதற்காக மருந்து தெளிக்க வேண்டியதில்லை. நோயுற்ற மரத்தின் உதிர்ந்த இலைகளை இந்த ஒரு பருவத்துக்கு மட்டும் கூட்டி அப்புறப்படுத்துங்கள். மரத்தை நெருக்கி நிற்கும் புதர்களை விலக்கிக் காற்று புக வழிசெய்யுங்கள்.

புகைப்படத்தை மட்டும் நம்பி நீங்கள் முடிவெடுக்கக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ராலியிலேயே வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தாவர நோய் மற்றும் பூச்சி ஆய்வகம் இருக்கிறது. உங்கள் கவுண்டியின் வேளாண் விரிவாக்க அலுவலகம் வழியாக, பாதி காய்ந்தும் பாதி உயிரோடும் உள்ள ஒரு கிளையை இலைகளோடு அனுப்பினால், எந்தப் பூஞ்சை என்று சிறு கட்டணத்தில் சொல்லிவிடுவார்கள். முழுவதும் காய்ந்த கிளையை அனுப்பாதீர்கள். அதில் சாவுக்குப் பின் குடியேறிய பூஞ்சைகள்தான் கிடைக்கும். இலைகள் உதிர்ந்துவிடும் முன், இந்த மாதத்துக்குள்ளேயே இதைச் செய்வது நல்லது.

ஒருவேளை ஆந்திராக்னோஸ் என்றே முடிவு வந்தாலும், ஒரு வாரக் கெடுவுக்கு அடிப்படை இல்லை. மழைத் துளியோடு தெறித்துப் பரவும் பூஞ்சை அது. உங்கள் ஒரு மரத்தை வெட்டுவதால் ஓடைக்கரைக் காடு அதிலிருந்து காப்பாற்றப்பட்டுவிடாது.

அன்போடு அணைத்த மண்

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையான கவலை தந்த வரி நோயைப் பற்றியதல்ல. ‘மாமா மண் அணைத்த பிறகு மரம் நன்றாக ஊன்றி நிற்கிறது’ என்ற வரிதான். ஆறாவது படத்தில் அடிமரம் தரையிலிருந்து விளக்குக் கம்பம்போல நேராக எழும்புகிறது. எந்த மரமும் இயல்பில் அப்படி எழும்பாது. தரையைத் தொடும் இடத்தில் வேர்கள் பிரிந்து அகன்று செல்லும் வேர்க்கழுத்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். அது தெரியவில்லை என்றால் மண்ணுக்குள் புதைந்திருக்கிறது என்று பொருள்.

வாழைக்கும் கரும்புக்கும் மண் அணைப்பது அவற்றைக் காக்கும் வேலை. வேரை மேல்மண்ணில் வைத்திருக்கும் டாக்வுட்டுக்கோ, ஐந்தாறு அங்குலக் களிமண்ணை மேலே ஏற்றுவது மூச்சை அடைப்பதாகும். உங்கள் பகுதிச் செம்மண்ணை ‘நம் ஊர் மண் மாதிரியே’ என்று அவர் மகிழ்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நிறம் ஒன்றுதான்; இரண்டுக்கும் இரும்புதான் சிவப்பு தருகிறது. ஆனால் தண்ணீரை உடனே இறக்கிவிடும் நம் செவ்வல் நிலம் வேறு, நனைந்தால் பிசினாகவும் காய்ந்தால் செங்கல்லாகவும் மாறும் கரோலினாக் களி வேறு. அதுவும் தளத்துக்குத் தோண்டிய அடிமண்ணில் உயிர்ச்சத்து எதுவும் கிடையாது. வேர்கள் மூச்சுத் திணறியதால் மரம் தளர்ந்தது, தளர்ந்த மரத்தில் சாம்பல் நோய் மிகுந்தது, கீழ்க்கிளைகள் காய்ந்தன என்பதே என் கணிப்பு.

இதைச் சரிசெய்யலாம். நவம்பரில் இலை உதிர்ந்த பிறகு, கொட்டிய மண்ணை அடிமரத்திலிருந்து தொடங்கி வெளிநோக்கிக் கையாலும் சிறு களைக்கொத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக அகற்றுங்கள். மண்வெட்டி வேண்டாம், பழைய இலைமக்கின் கருமை தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள், அதற்குக் கீழே வேர்கள் இருக்கும். உங்களால் முடியாதென்றால், சான்றிதழ் பெற்ற மரநல வல்லுநர் காற்றழுத்தக் கருவியால் வேர் அறுபடாமல் மண்ணை ஊதி நீக்கித் தருவார். மரத்தை வெட்டித் தருவதும் புதிய மரம் விற்பதும் தொழிலாக இல்லாத ஒருவரிடம் இந்தக் கருத்தைக் கேட்பது உங்களுக்குப் பாதுகாப்பு.

மண்ணை எடுத்தபின் மற்றொன்றையும் பாருங்கள். எட்டாவது படத்தில் அடிமரத்தின் ஒரு பக்கம் பட்டை உரிந்து, அருகே மரத்தூள்போல ஏதோ சிந்தியிருக்கிறது. புல்வெட்ட வருபவர்களின் இயந்திரத்தில் சுழலும் பிளாஸ்டிக் கயிறு பட்டையில் அடித்த காயமாக இருக்கலாம். அந்தக் காயத்தின் வழியாகத்தான் டாக்வுட் துளைப்பான் என்ற அந்துப்பூச்சியின் புழு உள்ளே புகுந்து, பட்டைக்கடியில் உயிர்ச்சாறு ஓடும் அடுக்கைத் தின்கிறது. நான் பார்த்தவரை, புறநகர் வீடுகளில் பூஞ்சையைவிட அதிகமான டாக்வுட்களைச் சாகடித்தது இந்தக் கயிறும் அது திறந்துவிட்ட வாசலும்தான். காயம் சுற்றளவில் கால் பங்குக்குள் இருந்தால் மரம் மீளும். பாதிக்கு மேல் சுற்றிவிட்டது என்றால் ஆறுதல் சொல்லி உங்களை ஏமாற்ற நான் விரும்பவில்லை. அது சில ஆண்டுகளில் பட்டுவிடும். அந்த நிலையிலும் அதை நிற்கவிட்டு, பத்துப் பதினைந்து அடி தள்ளி ஒரு புதிய கன்றை இந்தக் குளிர்காலத்திலேயே நட்டுவிடுங்கள். காயத்துக்குத் தார், பெயின்ட், சாணம் எதுவும் பூச வேண்டாம்.

காய்ந்த கிளைகளைக் குளிர்காலத்தில், வறண்ட ஒரு நாளில், கிளை அடிமரத்தோடு சேரும் புடைப்பை விட்டுவிட்டு அறுத்தெடுக்கலாம். துளைப்பான் அந்துகள் பறந்து முட்டையிடும் வசந்தத்திலும் கோடையிலும் புதிய வெட்டுக்காயம் எதையும் உண்டாக்காதீர்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

டாக்வுட் பூ வட கரோலினாவின் மாநில மலர் ஆனது 1941இல். வர்ஜீனியா 1918லேயே அதைத் தன் மலராக்கியிருந்தது. மிசூரிக்கும் வர்ஜீனியாவுக்கும் அதுவே மாநில மரமும்கூட. இந்தப் பெருமை எதுவும் உங்கள் சொந்த நிலத்தில் நிற்கும் மரத்துக்குச் சட்டப் பாதுகாப்பு ஆவதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்மணி சொன்ன அபராதம், இங்கே தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வரும் ஒரு நம்பிக்கை மட்டுமே.

ஆனால் அவரும் ஒப்பந்தக்காரரும் சொல்லாத வேறொரு விதி உங்களைத் தொடக்கூடும். ராலியும் அதன் சுற்றுப்புறத்தின் பெரும்பகுதியும் நியூஸ் ஆற்றின் வடிநிலத்தில் இருக்கின்றன. அந்த ஆற்றைக் காப்பதற்காக 1997இல் வந்த விதிகளின்படி, அரசு வரைபடங்களில் இடம்பெற்ற ஓடைகளின் இரு கரையிலும் 50 அடி அகலத்துக்கு இயற்கைத் தாவரங்கள் காக்கப்பட வேண்டும். அதில் ஓடையை ஒட்டிய 30 அடியில் கட்டுப்பாடு இன்னும் கடுமையானது. உங்கள் மரம் 12 அடியில் நிற்கிறது. ஆபத்தான அல்லது பட்டுப்போன மரங்களுக்கு விலக்குகள் உண்டு என்றாலும், உங்கள் ஓடை அந்த விதிக்குள் வருகிறதா, எந்த விலக்கு பொருந்தும் என்பதை மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் நீர்வளப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெறாமல் ரம்பத்தை அனுமதிக்காதீர்கள். விதி மீறப்பட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நிலத்தின் உரிமையாளர். வெட்டியவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அங்கே கொட்டிய மண்ணைப் பற்றியும் அதே அலுவலகத்தில் மனம்விட்டுச் சொல்லிவிடுங்கள். அகற்றப்போகிறோம் என்று நீங்களே முன்சென்று சொல்வது எப்போதும் நல்லது.

முன்புற மரத்தை இடம் மாற்றுவதற்கும், புதிதாக ஒன்று நடுவதற்கும் உங்கள் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் முன் அனுமதி தேவைப்படலாம். விண்ணப்பத்தில் மரத்தின் தாவரவியல் பெயர், முழு வளர்ச்சியில் அதன் உயரம், நடும் இடத்தைக் காட்டும் சிறு வரைபடம் ஆகியவற்றைச் சேர்த்துவிட்டால் பெரும்பாலும் சிக்கல் வராது.

முன்புறக் கன்று ஏன் பூக்கவில்லை

இதற்கு நான்கு காரணங்கள் தெரிகின்றன. நான்கும் உங்கள் கையில் இருக்கின்றன.

முதலாவது இடம். மேற்கு வெயில் முழுவதும் இறங்கும் புல்வெளி நடுவே, கூட்டாளி மரம் ஒன்றுகூட இல்லாமல் நிற்கிறது. ஆகஸ்டில் இலை ஓரம் கருகுவது நோயல்ல, தாகம். வேர் உறிஞ்சும் வேகத்தைவிட இலை இழக்கும் வேகம் அதிகமாகிவிடுகிறது. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் வீட்டின் கிழக்குப் பக்கம் இதற்கு ஏற்றது. முழு நிழலும் ஆகாது. அங்கே பூ குறைந்து சாம்பல் நோய் கூடும்.

இரண்டாவது உரம். புல்வெளி உரத்தில் தழைச்சத்து மிகுதி. அது கொழுகொழுவென்று இளந்தளிரைத் தள்ளும். அந்த இளந்தளிரைத்தான் சாம்பல் நோய் விரும்பிப் பிடிக்கும், பூவும் தள்ளிப்போகும். அதைவிட முக்கியம், நீங்கள் பெயர் குறிப்பிட்ட மூட்டை உரம் மட்டும் அல்ல. அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் மருந்தும் அதில் கலந்திருக்கிறது. டாக்வுட்டும் அகன்ற இலைத் தாவரம்தான். அதன் வேர்கள் புல்லின் வேரோடு ஒரே ஆழத்தில் இருப்பதால் அந்த மருந்து மரத்துக்குள்ளும் போகும். கிளைகள் பரவியிருக்கும் எல்லைக்குள்ளும் அதற்கு அப்பால் சில அடி தூரத்துக்கும் அதை இனி போடாதீர்கள்.

மூன்றாவது ஜனவரிக் கவாத்து. இந்த மரம் அடுத்த ஏப்ரலில் பூக்க வேண்டிய மொட்டுகளை முந்தைய கோடையிலேயே கட்டிவிடுகிறது. இலை உதிர்ந்த பிறகு கிளை நுனிகளைப் பாருங்கள். ஒல்லியாகக் கூர்ந்திருப்பது இலை மொட்டு, சட்டைப் பொத்தான்போல் உருண்டு, சிறு காம்பின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது பூ மொட்டு. முருங்கையையும் கொய்யாவையும் கவாத்து செய்து பழகிய கை, நுனிகளை ஒரே அளவாக நறுக்கியபோது, இருந்த பொத்தான்களும் போயிருக்கும். டாக்வுட்டுக்கு வழக்கமான கவாத்து என்று ஒன்று தேவையே இல்லை. காய்ந்ததை எடுத்தால் போதும்.

நான்காவது வயது. நர்சரியில் ஒட்டுக் கட்டி வளர்த்த கன்றாக இருந்தாலும், இடம் மாறிய பிறகு வேர் பிடித்துப் பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். விதையிலிருந்து வந்ததென்றால் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளோ அதற்கு மேலோகூட ஆகலாம். மற்ற மூன்றையும் சரிசெய்துவிட்டு இதற்குக் காத்திருங்கள்.

இரண்டே ஆண்டு ஆன கன்று என்பதால் அதை இடம் மாற்றலாம். நவம்பர் பிற்பகுதி முதல் பிப்ரவரி முடிய, மரம் உறங்கும் காலத்தில் செய்யுங்கள். தோண்டுவதற்குச் சில வேலை நாட்களுக்கு முன்பே 811 என்ற எண்ணை அழைத்துச் சொல்லுங்கள். நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் கட்டணமின்றிக் குறித்துத் தருவார்கள். சுவரிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி இடம் தேர்ந்தெடுங்கள். வேர் அடித்தளத்தைப் பிளக்கும் என்ற அச்சம் இந்த மரத்திடம் தேவையில்லை. தள்ளி நடுவது கிளைகள் விரிய இடம் வேண்டும் என்பதற்காகத்தான். குழி வேர்க்கட்டியைப்போல் இரண்டு மூன்று மடங்கு அகலமாகவும், ஆழத்தில் வேர்க்கட்டியைவிட ஓர் அங்குலம் குறைவாகவும் இருக்கட்டும். உங்கள் களிமண்ணில் ஆழக் குழி என்பது தண்ணீர் தேங்கும் தொட்டி. எடுத்த மண்ணையே திருப்பிப் போடுங்கள். குழிக்குள் மட்டும் எருவும் மணலும் கலந்தால் வேர் அந்தக் குழியை விட்டு வெளியே போக மறுக்கும்.

மேலே பைன் ஊசியிலை மூடாக்கு இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்குப் போதும். அது அடிமரத்தைத் தொடாமல் ஒரு சாண் விலகியிருக்க வேண்டும். மூடாக்கு அகன்றிருக்க அகன்றிருக்க நல்லது. புல்வெட்டும் கயிறு அருகே வராது என்பதே அதன் முதல் பயன். மழையில்லாத வாரங்களில், முதல் இரண்டு கோடைகளுக்கு, ஓர் அங்குல மழைக்கு நிகரான தண்ணீரை மெதுவாக வேர்ப்பகுதியில் விடுங்கள். இலைகளின் மேல் தெளிக்க வேண்டாம்.

நடுவதற்கு முன் மண் பரிசோதனையும் செய்துவிடுங்கள். டாக்வுட் சற்றே அமிலத்தன்மையுள்ள, ஏறத்தாழ 5.5 முதல் 6.5 வரையிலான pH அளவு (அமில-காரத்தன்மை அளவு) கொண்ட மண்ணை விரும்புகிறது. புல்வெளிக்குச் சுண்ணாம்பு போட்ட இடம் என்றால் அளவு மாறியிருக்கும். வட கரோலினா வேளாண் துறை ஏப்ரல் முதல் நவம்பர் வரை கட்டணமின்றி இந்தப் பரிசோதனையைச் செய்கிறது. மண்ணை நிரப்பி அனுப்பும் பெட்டி விரிவாக்க அலுவலகத்திலேயே கிடைக்கும்.

கூசா வேண்டுமா?

ஜப்பான், கொரியா, சீனா ஆகிய நாடுகளைச் சேர்ந்த கூசா நல்ல மரம்தான். ஆந்திராக்னோஸை நன்றாகத் தாங்கும். உள்ளூர் டாக்வுட் பூத்து ஓய்ந்து ஒரு மாதம் கழித்து, இலைகளுக்கு மேலே கூர்நுனி கொண்ட வெண்மையைக் காட்டும். வாஷிங்டனுக்கு டோக்கியோ அனுப்பிய செர்ரி மரங்களுக்குப் பதில் மரியாதையாக 1915இல் அமெரிக்கா உள்ளூர் டாக்வுட்களை ஜப்பானுக்கு அனுப்பியது. அவை அங்கே இன்றும் விரும்பி வளர்க்கப்படுகின்றன. ஆகவே இது சொந்தம், அது அந்நியம் என்று வெறுப்பு பேச நான் வரவில்லை.

ஆனால் அந்த ஓடைக்கரையில் கூசா செய்ய முடியாத வேலைகள் இருக்கின்றன. உள்ளூர் டாக்வுட்டின் சிவந்த பழங்கள் கொழுப்புச் சத்து மிகுந்தவை. இலையுதிர் காலத்தில் தெற்கே செல்லும் ராபின் பறவைகளும், இங்கேயே தங்கும் கார்டினல்களும், மெழுகுச்சிறகுப் பறவைகளும் அவற்றைத் தேடி வருகின்றன. கூசாவின் பெரிய, தோல் தடித்த பழம் இந்தப் பறவைகளின் வாய்க்கு ஏற்றபடி அமையவில்லை. நீலச் சிறு பட்டாம்பூச்சி ஒன்றின் புழுக்கள் டாக்வுட் மொட்டுகளை உண்டு வளர்கின்றன. சுண்ணச்சத்து நிறைந்த டாக்வுட் இலைகள் விரைவில் மக்கி மேல்மண்ணுக்கு அந்தச் சத்தைத் திருப்பித் தருகின்றன. நோய் நீங்கிய பருவங்களில் இலைகளைக் கூட்டாமல் விட்டுவிடச் சொல்வது இதனால்தான்.

புதிய கன்று வாங்குவதென்றால் சாம்பல் நோயைத் தாங்கும் ‘அப்பலாச்சியன் ஜாய்’ போன்ற டென்னசி வகைகளைக் கேளுங்கள். இளஞ்சிவப்பு வேண்டுமென்றால் ‘செரோக்கி பிரேவ்’ மற்றச் சிவப்பு வகைகளைவிட நன்றாகத் தாங்குகிறது. சாலையோரக் காட்டிலிருந்து தோண்டிவர யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பரந்த வேர்களை அறுத்துக் கொண்டுவந்த கன்று பிழைப்பது அரிது, பொது நிலத்தில் தோண்டுவது குற்றமும்கூட. உங்கள் பகுதியில் மான்கள் உண்டு என்பதால், ஆண்மான்கள் இலையுதிர் காலத்தில் கொம்பைத் தேய்க்காதபடி முதல் சில ஆண்டுகளுக்குக் கம்பிவலைக் கூண்டு போட்டுவிடுங்கள்.

மாமனார் அடுத்த முறை வரும்போது இந்தப் பழங்களை ஊருக்கு எடுத்துச் சென்று தோட்டத்தில் போட ஆசைப்படுகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். விதைகளை இந்தியாவுக்குள் கொண்டுசெல்ல 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் நோயின்மைச் சான்றும் வேண்டும். மேலும், மூன்று நான்கு மாதக் குளிரில் ஈரமாகக் கிடந்தால்தான் இந்த விதை முளைக்கும். கொங்குச் சமவெளியின் வெப்பத்தில் மரம் தங்காது. அவருக்கு வேறொரு செய்தி சொல்லுங்கள். அவருடைய ஊர்ப்பக்கக் காடுகளில் நிற்கும் அழிஞ்சில் மரத்தை, உதிர்ந்த விதை தாய்மரத்திலேயே மீண்டும் ஏறி ஒட்டிக்கொள்ளும் என்று நம் முன்னோர் சொல்லிவந்த அந்த மரத்தை, இன்றைய தாவரவியல் டாக்வுட்டின் குடும்பத்திலேயே சேர்க்கிறது. அவர் தோட்டத்து வேலியோரம் ஓர் அழிஞ்சிலும் உங்கள் ஓடைக்கரையில் டாக்வுட்டும் நின்றால், இரண்டு வீட்டிலும் ஒரே குடும்பத்து மரம்.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறீர்கள். மறைக்க வேண்டாம். ‘மாமா, இது கொடிக்கால் மாதிரி நிழல்காட்டுப் பயிராம்; மண்ணை எடுத்துவிடச் சொல்கிறார்கள். எப்படி எடுத்தால் வேர் அறுபடாது?’ என்று காணொலி அழைப்பில் அவரையே கேளுங்கள். வேரைக் காயப்படுத்தாமல் மண்ணை விலக்குவது எப்படி என்று அறுபது ஆண்டு நிலத்தில் நின்றவருக்குத் தெரியாமலிருக்காது.

இந்த மாதம் ஆய்வகத்துக்குக் கிளை, நீர்வளப் பிரிவுக்குக் கடிதம்; நவம்பரில் மண் அகற்றுதல்; அதன் பிறகு கன்றை இடம் மாற்றுதல் என்ற வரிசையில் செய்யுங்கள். பிப்ரவரியில் பின்புற மரத்தின் கிளை நுனிகளை அருகிலிருந்து படமெடுத்து அனுப்புங்கள். காய்ந்ததோ என்று சந்தேகப்படும் கிளைகளில் கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டி, உள்ளே பச்சையா பழுப்பா என்றும் குறித்து எழுதுங்கள். எத்தனை பொத்தான் மொட்டுகள் இருக்கின்றன என்பதைப் பார்த்துவிட்டு, அந்த மரத்தைப் பற்றி மேற்கொண்டு பேசுவோம்.